ஈயப் பட்டாளத்தின் டாக்டர் பாபு

ஈயச் சிப்பாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் முதல் எதிரி தும்மல். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பொத்தானுக்கு மஞ்சள் வைக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் அது வரும். தையல், நகை, கடிகாரம் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் கல்கத்தாவில், டாக்குரியாவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், ஞாயிறுதோறும் வயது வந்த ஆண்கள் சிலர் கூடுவார்கள். டேபிள் டென்னிஸ் மேஜைமேல் தெர்மகோல் மலையும் பீர்க்கங்காய் நாரில் மரங்களும் வைத்து, விரல்கணு உயரச் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். அந்தப் பட்டாளங்களுக்கு உடுப்பு மாட்டியவள் நான். அவற்றில் என்னை அதிகம் படுத்தியதும் எனக்கு அதிகம் பிடித்துப்போனதும் பட்டாளத்து டாக்டர் பொம்மைதான்.

வெறுங்கைக்காரன்

என் வீட்டுக்காரருக்குக் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. பெஹாலாவில் குடியிருந்தோம். ஒரு நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்த மாடி வீட்டு தத்தா-தா, வெளுத்துப்போன செட்டியார் பொம்மையின் வேட்டிக்கு நான் போட்டிருந்த ஜரிகைக் கரையை வெகு நேரம் குனிந்து பார்த்தார். மறுநாள் ஒரு மிட்டாய் டப்பாவோடு வந்தார். சந்தேஷ் என்று நினைத்து ஆசையாகத் திறந்தேன். உள்ளே பஞ்சுமேல் ஒரு படையே படுத்திருந்தது. "காளி பூஜைக்குள்ள பெயிண்ட் அடிச்சுத் தர முடியுமா, பௌதி?" என்றார். அண்ணி என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், அண்ணன் என்பதைத் தா என்று.

எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தது, ஒருவனைத் தவிர. அவன் தோளில் ஒரு பை, இரண்டு கையும் காலி. துப்பாக்கி வார்க்கும்போதே உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குப் பரிதாபம். குண்டூசியை வெட்டி ஒட்டி அவனுக்கும் ஒரு துப்பாக்கி செய்து, கறுப்பும் பூசிக் கொடுத்தேன். தத்தா-தா அவனை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்ட மனசு வரவில்லை, பாவம். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "பௌதி, இவன் டாக்டர் பாபு. கையில ஒண்ணும் இல்லேங்கறதாலதான் இவனை யாரும் சுடறதில்ல. நீங்க இப்ப அவன் உயிருக்கே உலை வெச்சுட்டீங்க."

டப்பாவிலேயே இருந்தவன்

ஆட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட சிப்பாயை மேஜையில் படுக்க வைப்பார்கள். டாக்டர் பாபு அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தால் பகடை உருட்டலாம். பெரிய எண் விழுந்தால் அவன் எழுந்து நிற்பான், சின்ன எண் விழுந்தால் டப்பாவுக்குப் போவான். ஆனால் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமானால் ஒரு துப்பாக்கிக்காரனைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சென் என்றொருவர் வருவார். நிஜமாகவே ஆபரேஷன் செய்கிற டாக்டர். அவருக்காக நான் பைக்குப் பக்கிள் வைத்து, வெள்ளைக் கைப்பட்டியில் சிவப்புக் கூட்டல் குறி போட்டு, பார்த்துப் பார்த்துச் செய்த டாக்டர் பொம்மையை அவர் ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. வாரா வாரம் அவருடைய ஆட்கள் விழுந்து கிடப்பார்கள், எழுப்ப நாதி இருக்காது. வேடிக்கை பார்க்கப் போகிற எனக்கு ஆற்றாமை. ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் சிங்காரா என்கிற அந்த ஊர்ச் சமோசாவைக் கடித்தபடி, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார்: "வாரம் முழுக்க இதைத்தானே செய்யறேன், பௌதி. ஞாயித்துக்கிழமையாவது ஆளைக் கொல்ல விடுங்க."

டாக்டர்களின் சுவர்

டாக்டர் பாபுவைக் குறி வைத்துச் சுடக் கூடாது என்பது இன்னொரு விதி. மாம்பலத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ராகவன் ஒரு மழைக்காலத்தில் என்னிடம் வந்து, நாலு டாக்டர் வேண்டும் என்றார். உயிர்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் நாலு பேருக்கும் கூட்டல் குறி போட்டுக் கொடுத்தேன். மனிதர் அவர்களை வரிசையாக முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் பீரங்கியை வைத்துவிட்டார். எதிரில் ஆடிய தத்தா-தாவுக்குச் சுட வழியில்லை. இருவரும் வங்காளியில் வாக்குவாதத்தை ஆரம்பித்து ஆங்கிலத்துக்குப் போனார்கள். ஆங்கிலத்துக்குப் போனால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு படைக்கும் பெயிண்ட் அடித்தவள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "டாக்டர் அடிபட்டவன்கிட்டதானே போகணும்? அங்க இன்னும் யாரும் விழலியே, இவங்களுக்கு என்ன வேலை?" என்றேன். அதையே விதியாக்கிவிட்டார்கள். வேலையில்லாத டாக்டர்கள் பின்னால் போனார்கள், அடுத்த பகடையிலேயே பீரங்கியும் போயிற்று. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ராகவன் என்னிடம் தமிழில் சொன்னார்: "விதியைக் கொண்டுவந்து பேங்க்காரன் கையில கொடுத்தா, அவன் முதல்ல ஓட்டையைத்தானே தேடுவான், மாமி."

படுத்திருந்தவன்

செல்வராஜ் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். வேலூர்ப் பக்கம். அதற்கு முன்னால் ராணுவத்தில் இருந்தவர், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில். இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு ஞாயிறு அவரையும் அழைத்துப் போனோம். டாக்டர் பாபு இருக்கும் படையைத்தான் எடுத்துக்கொண்டார். முதலில் விழுந்த சிப்பாயிடம் டாக்டரை நகர்த்திப் பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது. சிப்பாயை எடுத்து டப்பாவில் போடத் தத்தா-தா கையை நீட்டினார். செல்வராஜ் அந்தப் பொம்மைமேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டார். "கொஞ்சம் இருக்கட்டும் சார்" என்றார். விதி என்றால் விதி என்று நிற்கிற தத்தா-தா, கையை இழுத்துக்கொண்டார். அன்று முழுவதும் படுத்தவனை யாரும் எடுக்கவில்லை. சென்கூடத் தன் ஆட்களை அவன்மேல் இடித்துவிடாமல் சுற்றித்தான் நடத்திப் போனார்.

சில நாள் கழித்துச் செல்வராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்காலிட்ட டாக்டரும் பக்கத்தில் படுத்திருக்கும் சிப்பாயுமாக ஒரு பொம்மை செய்து தர முடியுமா என்று கேட்டார். அப்படி ஒரே வார்ப்பில் ஒன்று என்னிடம் இருந்தது. படுத்திருப்பவனுக்கு எப்போதும் மூடிய கண்தான், ஒரு பழுப்புக் கோடு இழுத்தால் முடிந்தது. அவர், கண் திறந்திருக்க வேண்டும் என்றார். எல்லைச் சண்டையில் ஒரு பையனுக்குக் கட்டுப் போட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினாராம். அன்றே இவருடைய பிரிவை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பிழைத்தானா என்பது கடைசி வரை தெரியவில்லை.

எள்ளில் பாதி இருக்காது அந்த முகத்துக் கண். வரைந்தேன், துடைத்தேன், மறுபடி வரைந்தேன். ஒருவழியாகச் சரியாக வந்தது. செல்வராஜ் பொம்மையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகைக் காட்டி நின்றபடியே சொன்னார்: "இப்படித்தாம்மா. வண்டி கிளம்பற வரைக்கும் என்னையேதான் பாத்துட்டிருந்தான்."

இத்தனை வருஷத்தில் என் மேஜையிலிருந்து போன பட்டாளங்களில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை என்றாலும், அதெல்லாம் பகடை செய்த வேலை, நான் பெயிண்ட் மட்டும்தான் அடித்தேன்.