பேச்சியம்மாள் தனியாகப் போட்ட ஓட்டு

1. புள்ளி வைத்த தாள்

“மேடம், இந்தக் கவர்ல வெறும் வெள்ளைப் பேப்பரு வச்சிருக்காங்க. ஓரமா எடுத்து வச்சிரவா?” என்று கண்ணன் கேட்டார்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் சாயங்காலம். மம்சாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, மண்டலக் குழுவினர் இறக்கிவிட்டுப் போன சாமான்களை நாங்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாக்குச்சாவடிக்கு நான் பிரிசைடிங் ஆபீசர், அதாவது தலைமை அலுவலர். கண்ணன் மூன்றாவது போலிங் ஆபீசர். கண்ட்ரோல் யூனிட்டில் பட்டனை அழுத்தி ஒவ்வொரு வாக்காளருக்கும் மெஷினைத் திறந்துவிடுவது அவர் வேலை. நெடுஞ்சாலைத் துறையில் உதவியாளர், அதுதான் அவருக்கு முதல் தேர்தல்.

தாளை வாங்கிப் பார்த்தேன். கெட்டியான தாள், ஓர் எழுத்து இல்லை. விரலால் தடவினால் வரிசை வரிசையாகப் புள்ளிகள். நான் ராஜபாளையம் பக்கத்தில் ஒரு ஐ.டி.ஐ.யில் தையல் பிரிவு இன்ஸ்ட்ரக்டராக இருந்தவள். துணியில் எங்கே நூல் தடித்திருக்கிறது என்று கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே சொல்லிவிடுவேன். ஆனால் இந்தப் புள்ளிகள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“இது பிரெயில் கண்ணன். கண்ணு தெரியாதவங்களுக்கான டம்மி பேலட் ஷீட். நிக்கிற வேட்பாளர் பேரு, வரிசை நம்பர் எல்லாம் இதுல இருக்கும். படிச்சுப் பார்த்துட்டு உள்ள போய், மெஷின்ல பட்டனுக்குப் பக்கத்துல இருக்கிற பிரெயில் நம்பரைத் தடவி அவங்களே போடலாம்.”

“இதுக்கு முன்னாடி யாராச்சும் போட்டிருக்காங்களா மேடம்?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ தேர்தலுக்குப் போயிருக்கிறேன். எல்லாத் தடவையும் அந்தத் தாள் கவரோடு போய்க் கவரோடு திரும்பி வந்திருக்கிறது. பார்வையில்லாதவர்கள் வருவார்கள், கூட ஒருவரை அழைத்து வருவார்கள். பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக விதி இடம் தருகிறது. ஒருவர் அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் துணை போகலாம். யாருக்குப் போட்டார் என்று வெளியில் சொல்ல மாட்டேன் என உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போவார், பட்டனை அழுத்துவார், வெளியே வருவார்.

அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. வத்திராயிருப்பில் ஒரு தடவை ஒரு பெரியவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்சி ஏஜென்டுகள் எல்லாரும் கேட்கும்படி, “எம் புள்ள அமுக்குனா நான் அமுக்குன மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது நிறைவாக இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணனிடம் அந்தத் தாளை என் மேஜை மேலேயே வைக்கச் சொன்னேன். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு ஸ்டேப்ளரை வைத்தார்.

2. “எப்பவும் நாந்தான் போடுவேன்”

மறுநாள் காலையில் கூட்டம் நன்றாக இருந்தது. பொழுது ஏறி வெயில் வாசலைத் தொட்ட நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒரு கையில் மடக்குக் குச்சி, மறு கை கூட வந்த ஆளின் முழங்கை மேல். முதல் போலிங் ஆபீசர் பேரை உரக்கப் படித்தார். பேச்சியம்மாள்.

கூட வந்தவர் முருகேசன், அவளுடைய புருஷனின் தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காலையிலிருந்து பூத்துக்கு வெளியே ஒரு கட்சிக்காரர்களோடு நின்று, ஆட்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தார். பூத்துக்குள் இருந்த ஏஜென்டுகள் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

“மதினிக்கு கண்ணு தெரியாது மேடம். அண்ணன் லாரிக்குப் போயிருக்காரு. எப்பவும் நாந்தான் போடுவேன். எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க” என்றார் முருகேசன். பழகிப்போன ஆள், விரலைக்கூட நீட்டிவிட்டார். துணை போகிறவருக்கு வலது கையில் மை வைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

உறுதிமொழித் தாளை எடுக்கப் போனேன். அதற்குள் பேச்சியம்மாள் பேசினாள்.

“மேடம், புள்ளி எழுத்துல பேரு போட்டு ஒரு தாள் இருக்குமாமே. அது இங்க இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நானே போடுதேன்.”

முருகேசன் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார் போல. “மதினி, வெளிய கூட்டம் நிக்கி. சும்மா வாங்க.”

“நீ செத்த நேரம் வெளிய இரு தம்பி. நான் போட்டுட்டு வாரேன்.”

அவர் முகம் மாறிவிட்டது. “நான் என்ன மாத்தியா போட்டேன்? நீங்க சொன்னதத்தான இத்தன வருசமும் போட்டேன்?”

“நீ சரியாத்தான் போட்டிருப்ப. நான் அதச் சொல்லல. பீப்புன்னு சத்தம் மட்டுந்தான் எனக்குக் கேக்கும். ஒரு தடவையாச்சும் அது எங் கையால கேக்கணும்.”

ஓர் ஏஜென்ட் எழுந்து நின்றார். வேட்டி சட்டை, நெற்றியில் குங்குமம், மரியாதையான மனிதர்தான். “மேடம், அந்தப் பிள்ள தப்பா அமுக்கிட்டா செல்லாத ஓட்டாயிரும். கூட ஆள் இருக்கும்போது எதுக்கு?”

மெஷினில் செல்லாத ஓட்டு என்று ஒன்று கிடையாது என்றேன். துணை என்பது வாக்காளர் கேட்டால்தான், கேட்காதவர் மேல் திணிக்க விதியில் இடம் இல்லை என்றும் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். முருகேசனை வெளியே இருக்கச் சொன்னேன். போனார், ஆனால் ஜன்னலுக்கு நேராகவே நின்றார். போலீஸ்காரர் வந்து அவரை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தார்.

பேச்சியம்மாளை என் மேஜையில் உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். குச்சியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படிக்க ஆரம்பித்தாள். சின்ன வயதில் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவளாம். கல்யாணமாகி வந்த பிறகு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் வேலை. பல வருஷமாகப் படிக்க எதுவும் கிடைக்கவில்லை என்று படித்துக்கொண்டே சொன்னாள். முதல் நாலைந்து வரி மெதுவாகப் போனது. பிறகு விரல் ஓடத் தொடங்கியது.

“இம்புட்டுப் பேரா நிக்காங்க?” என்று நடுவில் நிறுத்திக் கேட்டாள். “எங்கிட்ட ரெண்டு பேருன்னுல்ல சொன்னாங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏஜென்டுகள் சிரிக்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் அவள் விரல் எந்த வரியில் நிற்கிறது என்பதிலேயே இருந்தது. அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, தெரியாது. கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தாள். மறுபடி முதல் வரிக்குப் போய், எங்கேயும் நிற்காமல் ஒரே வேகத்தில் கடைசி வரை தடவிவிட்டுத் தாளை என்னிடம் கொடுத்தாள்.

3. பிஸி லைட்

விரலில் மை வைத்தார்கள். கண்ணன் பட்டனை அழுத்தினார். கண்ட்ரோல் யூனிட்டில் பிஸி லைட் எரிந்தது. மெஷின் அவளுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். மறைப்பு அட்டை வரைக்கும் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சத்தம் வரவில்லை.

மற்றவர்கள் உள்ளே போனதும் வந்துவிடும் பீப், இவளுக்கு வரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. “உள்ள என்ன செய்யுது அந்தப் பிள்ள?” என்று யாரோ கேட்டார்கள். கண்ணன் என்னைப் பார்த்தார். உள்ளே போய் எட்டிப் பார்க்கக் கூடாது. ஓட்டுப் போட வந்தவர் மெஷின் முன்னால் நிற்கும்போது தக்க காரணம் இல்லாமல் பிரிசைடிங் ஆபீசர் உட்பட யாரும் அங்கே போகக் கூடாது.

பேச்சியம்மாள் மறைப்பைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள்.

“மேடம், உள்ள பட்டன் வச்ச பொட்டி ரெண்டு இருக்கு. ரெண்டுலயுமே நம்பர் ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கி. நான் எதத் தொட?”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு உறைத்தது. ஒரு பேலட் யூனிட்டில், அதாவது பட்டன் இருக்கும் பெட்டியில், பதினாறு பேருக்குத்தான் இடம். அந்தத் தடவை வேட்பாளர்கள் அதிகம், அதனால் இரண்டாவது யூனிட்டையும் பக்கத்தில் இணைத்திருந்தோம். இரண்டாவதில் ஒட்டிய தாளில் பதினேழு, பதினெட்டு என்று அச்சடித்திருக்கும். ஆனால் பிரெயில் எண் தாளில் இல்லை, பெட்டியின் உடம்பில் இருக்கிறது. எந்தப் பெட்டியானாலும் அது ஒன்றில்தான் தொடங்கும். கண்ணுக்குப் பதினேழு, விரலுக்கு ஒன்று. காலையில் மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு பட்டனையும் அழுத்தினோம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அதற்குள் அந்த ஏஜென்ட் மறுபடி எழுந்துவிட்டார். “மேடம், ஓட்டுப் போடாம வெளிய வந்துட்டாங்க. இனிமே உள்ள விடக் கூடாது. போடலைன்னு எழுதுங்க.”

இன்னொரு கட்சி ஏஜென்ட், சின்னப் பையன் மாதிரி இருப்பார், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். “அக்கா, நீங்க எந்த நம்பருக்குப் போடணும்னு சொல்லுங்க. எந்தப் பொட்டின்னு சொல்லிருதோம்.”

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள்.

“நம்பரைச் சொல்லாதீங்க” என்றேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரல் வந்துவிட்டது. “எந்த நம்பரையும் இங்க யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நான் சொல்றத மட்டும் கேளுங்க.”

ஏஜென்ட் பக்கம் திரும்பினேன். “போட மாட்டேன்னு அவங்க சொல்லல. சந்தேகம் கேக்க வந்திருக்காங்க. அதைத் தீர்க்கிறது என் வேலை. எல்லாரும் பார்க்கத்தான் சொல்லிக்குடுக்கப் போறேன். நீங்களும் பாருங்க.”

மெஷினைப் போலவே அட்டையில் செய்த மாதிரி ஒன்று எங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். புரியாதவர்களுக்கு அதை வைத்துத்தான் விளக்க வேண்டும். அதை அவளுடைய இடது கைப்பக்கம் வைத்தேன். வலது பக்கம் வைக்க இரண்டாவது மாதிரி இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை வைத்தேன்.

“இடது கைப்பக்கம் இருக்கிறது முதல் பெட்டி. அதுல ஒண்ணுலருந்து பதினாறு வரைக்கும், நீங்க தாள்ல படிச்ச மாதிரியே. வலது கைப்பக்கம் இருக்கிறது ரெண்டாவது பெட்டி. அதுல ஒண்ணுன்னு தட்டுப்படுறது உண்மையில பதினேழு. ரெண்டுன்னு தட்டுப்பட்டா பதினெட்டு. அப்படியே பதினாறு கூட்டிக்கிட்டே போங்க. புரிஞ்சுதான்னு மட்டும் சொல்லுங்க.”

அவளுடைய விரல்கள் அட்டையின் மேல் ஒரு தடவை, மூடியின் மேல் ஒரு தடவை போய் வந்தன.

“புரிஞ்சிட்டு” என்றாள். “இடதுக்கு உள்ளபடி. வலதுக்குப் பதினாறு கூட்டணும்.”

“போங்க.”

இந்தத் தடவை கூட்டிக்கொண்டு போகவில்லை. வழி தெரிந்திருந்தது, அவளே போனாள். கண்ணன் கண்ட்ரோல் யூனிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பீப் சத்தம் வந்தது. நீளமாக, அறை முழுக்க.

யாரும் கை தட்டவில்லை. வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மா மட்டும், “கேட்டுட்டுல்ல” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்த பேச்சியம்மாள் என்னிடம் ஒன்று கேட்டாள். “நான் அமுக்குனவருக்குத்தான் விழுந்துச்சான்னு எப்படி மேடம் தெரியும்?” கண் தெரிந்தவர்களுக்கு விவிபேட் பெட்டியின் கண்ணாடியில் யாருக்கு விழுந்தது என்ற சீட்டு தெரியும், சில வினாடி பார்க்கலாம். இவளுக்கு அதைக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அதை அப்படியே சொன்னேன். “அதுக்கும் ஒரு வழி செய்யட்டும்” என்று சொல்லிவிட்டுக் குச்சியை விரித்தாள்.

வாசலில் முருகேசன் நின்றிருந்தார். “யாருக்குப் போட்டீங்க மதினி?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

“போட்டாச்சுல்ல. வண்டிய எடு, போவோம்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் வண்டியில் ஏறும்போது அவள் தலை இடிக்காமல் மேலே கையைக் கொடுத்துத்தான் ஏற்றினார்.

4. டவுன் பஸ்ஸில்

அதற்கப்புறம் தேர்தல் பயிற்சி வகுப்புகளில் என்னைப் பேசச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மெஷினை இணைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு யூனிட் இருந்தால், பார்வையில்லாதவர் உள்ளே போவதற்கு முன்னாலேயே கணக்கைச் சொல்லிவிடுங்கள். எல்லா எண்ணுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் எண்ணைக் கேட்காதீர்கள். ரகசிய வாக்கு என்ற வார்த்தையைப் பல வருஷம் நானும் ஒப்பித்திருக்கிறேன். அந்த ரகசியம் வீட்டில் நம் மேல் பிரியமாக இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு சட்டமன்றத் தேர்தல் வந்தது. பிரசாரம் சூடாக இருந்த நாளில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதும் முன் சீட்டிலிருந்து, “பூத்து மேடமா?” என்று ஒரு குரல். பேச்சியம்மாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“நல்லாருக்கோம் மேடம். அன்னைக்கு யாருக்குப் போட்டேன்னு தம்பி இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கான். நான் சொல்லல.” சிரித்தாள். “முன்னல்லாம் ஓட்டுக் கேக்க வாரவிய எனக்குத் தர வேண்டிய நோட்டீஸையும் தம்பி கையிலதான் குடுத்துட்டுப் போவாங்க. நான் வீட்டுக்குள்ள இருக்கேனான்னுகூடக் கேக்க மாட்டாங்க. இந்தத் தடவ தம்பியே அவியள உள்ள கூட்டியாந்து, ‘மதினிக்குத் தனியாச் சொல்லுங்க, அவிய ஓட்டு அவியதான் போடுவாக’ன்னு சொல்லிட்டான். எங் கையில நோட்டீஸக் குடுத்தாங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“எனக்கு இந்த எழுத்து தெரியாது, வாசிச்சுக் காட்டுங்கன்னேன். கூட்டத்துல பெரிய ஆளுதான் வாசிச்சாரு. தண்ணி வசதி, ரோடு, அது இதுன்னு அம்புட்டையும். பாதியில நிப்பாட்டுனாரு. பின்பக்கமும் இருக்கும்ல, அதையும் வாசிங்கன்னேன்.”

“வாசிச்சாரா?”

“வாசிச்சாரு மேடம். வெயில்ல நின்னுக்கிட்டு, ஒரு வரி விடாம.”