ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

எங்கள் வீட்டு அடுப்புக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், சபையில் மூப்பர். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கற்பனையை அவரைப் போல இறுக்கிப் பிடித்தவர் மயிலாடிச் சுற்றுவட்டாரத்தில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒன்றும் வாங்கக்கூடாது. தீ மூட்டக்கூடாது. சனிக்கிழமை ராத்திரி வடித்த சோறும் சனிக்கிழமை வைத்த மீன்குழம்பும்தான் சாப்பாடு. தென்னையில் ஒருவரை ஏற்றி இளநீர் வெட்டச் சொல்வதும் அவரைப் பொறுத்தவரை பாவம். பசுவுக்கு மட்டும் விலக்கு, கறக்காவிட்டால் மடி வலிக்குமாம். பக்கத்தில் சிலை கொத்துகிறவர்களின் உளிச்சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் கேட்கும். அப்பா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். எனக்கு இருபத்துமூன்று வயதாகும்வரை எங்கள் கூரைமேல் ஞாயிற்றுக்கிழமைப் புகையை நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் இருபத்துமூன்று என்பது கல்யாணமாகாத பெண்ணுக்குச் சொல்லக்கூடாத வயது. நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தோம். நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். என்னைப் பார்க்க அதற்குமுன் இரண்டு கூட்டம் வந்து, பலகாரம் தின்று, ஏப்பம் விட்டுப் போயிருந்தது. ஒரு கூட்டம் நிறம் போதாது என்றது. இன்னொன்று காரணம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு இடம் கூடி வந்தது. பையனுக்கு மலையில் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் உத்தியோகம், தகப்பனார் இல்லை, எல்லாம் தாயார் சொல்படிதான். திங்கட்கிழமை சாயங்காலம் வருவதாகப் பேச்சு. இது தப்பினால் அப்புறம் இரண்டாம்தாரம்தான் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து நான் கோயில் சேலையைக்கூட மாற்றவில்லை. வாசலில் ஒரு பிளஷர் கார் வந்து நின்றது. பையன், பையனின் தாயார், ஒரு சித்தப்பா. பையனுக்கு லீவைக் குறைத்துவிட்டார்களாம், திங்கட்கிழமை காலை பஸ் ஏறவேண்டுமாம், அதனால் ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் பழையசோறு தவிர ஒன்றும் இல்லை.

அம்மா வாசலுக்கு வந்து வாருங்கள் என்று கூப்பிட்டாள். காரிலிருந்து இறங்கிய அந்த அம்மாளைப் பார்த்ததும் அம்மாவின் கை தன் கழுத்துக்குப் போனது. வந்தவள் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் நாங்கள் வந்ததே இல்லை, வழி கேட்டுக் கேட்டு வந்தோம் என்றாள். பட்டுச்சேலை, காலில் செருப்பு, தோட்டத்துத் துரைமார் வீட்டுப் பெண்களோடு பழகிய தோரணை. அம்மா வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஓய்வுநாளில் அடுப்பு எரியாது, பழம் மட்டும்தான், தப்பாக நினைக்கக்கூடாது என்று பெருமையாகவே சொன்னார். என் மனைவி மிஷன் போர்டிங்கில் படித்தவள், அவளுக்கும் இதுவே பழக்கம் என்றும் சேர்த்துக்கொண்டார். அம்மாவின் போர்டிங் படிப்பை அப்பா எல்லாரிடமும் சொல்வார். சித்தப்பா மெச்சித் தலையாட்டினார். அவர் தலையாட்டி முடிப்பதற்குள் அடுக்களையிலிருந்து புகை வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். அடுக்களைக்கு ஓடினேன். அம்மா குத்தவைத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் அப்பா கிழித்த கோட்டை மிதிக்காதவள், அவர் ஞாயிற்றுக்கிழமை தும்மினால்கூட வெந்நீர் வைக்காதவள். என்னம்மா இது, அப்பா என்ன சொல்வார் என்று கேட்டேன்.

“அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ அந்தப் பன்னைப் பிச்சுப் போடு மக்கா” என்றாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. நாகர்கோவில் ரொட்டிக்கடையிலிருந்து வரவழைத்த பலகாரத்தில் மிஞ்சியது எங்கள் வீட்டில் ஒரு ஓலைப்பெட்டியில் கிடந்தது. தேங்காய் பன் கல்லாக இறுகியிருந்தது. கேக்குத் துண்டுகள் ஓரம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. கோழிக்குப் போடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். பழம் என்று பார்த்தால், தோல் கறுத்துப்போன செந்துளுவன் வாழைப்பழம் அரைச்சீப்பு, ஒரு கைதச்சக்கை. அன்னாசியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

பிறகு அம்மா செய்ததைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். கோழி அடைக்கு வைத்திருந்த முட்டைகளை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நல்லதாக ஐந்து பொறுக்கினாள். ஒற்றைக் கையால், கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டு, ஓடு இரண்டாகி முட்டை உள்ளே. எங்கள் ஊரில் யாரும் அப்படி முட்டை உடைத்து நான் கண்டதில்லை. நாலைந்து ஈர்க்கிலைச் சேர்த்துக் கட்டி, அதனால் நுரை பொங்க அடித்தாள். உருளியில் சீனியைப் போட்டு வெறும் தீயில் வைத்தாள். அது உருகிப் பழுப்பாகி, கறுக்கப் போகிற நேரம், கருகுது அம்மா என்றேன். கருகணும் என்று சொல்லி இறக்கினாள். அதன்மேல் நெய், பாலில் ஊறிய பன், அதன்மேல் வாழைப்பழ வில்லைகள், அன்னாசித் துண்டு, உதிர்த்த கேக், மறுபடி பன். முட்டையும் பாலும் ஏலக்காயும் கலந்ததை மேலே சுற்றி ஊற்றினாள். அடுப்புத் தீயை வெளியே இழுத்துவிட்டுச் சாம்பல் மூடிய கனலில் உருளியை வைத்தாள். இரும்புத்தட்டால் மூடி, தட்டின்மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனலைப் பரப்பினாள். மேலே கையை நீட்டி உதட்டுக்குள் எண்ணினாள். பத்து எண்ணுமுன் கையை எடுக்கவேண்டி வந்தால் சூடு அதிகம், இரண்டு சிரட்டையை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். கையைப் பார், வாயைப் பார்க்காதே என்றாள். அவியலும் புளிக்கறியும் வைக்கிற என் அம்மாவா இது என்று எனக்குப் பிரமை பிடித்த மாதிரி இருந்தது.

வாசனை வீடு முழுவதும் பரவியபோது முன்னறையில் பேச்சு நின்றது. நானே தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். மேலே பொன்னிறம், அடியில் பழுப்புப் பாகு. பையன் ஒரு வாய் தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்கே தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். தெரியாமலே இப்படி என்றால், தெரிந்தால் எப்படியோ என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த வயதில் அதைச் சொல்ல வெட்கம் என்ன, மிகவும் பிடித்துவிட்டது. அப்பாவும் மறுக்க முடியாமல் ஒரு தட்டு வாங்கினார், பிறகு இன்னொன்றும் வாங்கினார். நான்காம் கற்பனை எந்த ஜன்னல் வழியாகப் போனதோ தெரியாது.

பையனின் தாயார் மட்டும் தட்டைத் தொடவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். அப்புறம் அவள் தின்ற வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தட்டு காலியானதும் யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

“அடிப்பிடிச்சது கொஞ்சம் கிடக்குமே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போலிருந்தது. முகம் வெளிறிவிட்டது. பெண் பார்க்க வந்த வீட்டில் அடிச்சட்டி கேட்கும் சம்பந்தியம்மாளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா உருளியையே தூக்கிக்கொண்டு வந்தாள். ஓரத்தில் கருகி ஒட்டியிருந்ததைச் சுரண்டி அவள் தட்டில் வைத்தாள். வைக்கும்போது சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அம்மாவிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் அதை விரலால் எடுத்துத் தின்றாள். கண் கலங்கியிருந்தது, புகை என்று நினைத்தேன். கை கழுவினாள், காரில் ஏறினாள். கார் திரும்பும்வரை எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அப்பா அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்தால் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபிக்கப் போனார். நடந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நான் மலைக்குளிருக்குக் கம்பளி வாங்குவதைப் பற்றிக்கூட யோசித்தேன்.

வியாழக்கிழமை சித்தப்பாவின் கையெழுத்தில் கடிதம் வந்தது. பெண்ணிடம் குறை ஒன்றும் இல்லையாம். ஆனால் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுகிற வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ளப் பையனின் தாயாருக்கு மனம் ஒப்பவில்லையாம். நான் அதை மூன்று முறை படித்தேன். தின்றவள், கேட்டு வாங்கித் தின்றவள், விரலைச் சூப்பியவள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள், இங்கே வெண்ணெயைத் தின்றவளே தாழியையும் உடைத்துவிட்டுப் போயிருந்தாள். அப்பா பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஓய்வுநாளுக்காகவே ஊரில் பேர் வாங்கிய மனிதருக்கு, ஓய்வுநாளை மீறியவர் என்று கடிதம்.

“பாத்தியா, உன் பலகாரம் செஞ்ச வேலைய” என்று அம்மாவிடம் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகக் காப்பாற்றிய பேரை ஒரே நாளில் அடுப்பில் போட்டுவிட்டாய் என்றார். அப்பா குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா தலை குனிந்து நின்றாள்.

பின்னால் எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டேன். ஆனாலும் அன்று மத்தியானம் கிணற்றடியில் அம்மா சொன்னதைக் கேட்ட அதிர்ச்சி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அம்மா போர்டிங்கில் படித்தவள் அல்ல. தாய் தகப்பன் இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளையாக மிஷன் பங்களா அடுக்களைக்கு வந்தவள். பாத்திரம் கழுவி, கனல் அள்ளி, அங்கேயே வளர்ந்தவள். அப்பாவுக்கு அது தெரியும், தெரிந்துதான் கட்டினார், வெளியே மட்டும் போர்டிங் என்று சொல்லிவைத்தார். அதே அடுக்களையில் அம்மாவின் வயதில் இன்னொரு அனாதைப் பிள்ளையும் இருந்தாள். எட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தார்கள். வெள்ளைக்கார மிசியம்மாவின் மேஜையில் மிஞ்சிய கேக்கையும் ரொட்டியையும் வெட்டிவைத்த பழத்தையும் சமையல்காரர் இப்படிச் சுட்டுத் திரும்ப மேஜைக்கு அனுப்புவார். பிள்ளைகளுக்குக் கிடைப்பது உருளி மட்டும். அடிப்பிடித்ததை அம்மா அவளுக்கு விட்டுக்கொடுப்பாள், அவளுக்குப் பசி தாங்காது. பிறகு அம்மாவை இங்கே கட்டிக் கொடுத்தார்கள், அவளை எங்கோ கட்டிக் கொடுத்தார்கள். அவள்தான் பையனின் தாயார் என்பதும், தன்னை ஒரு உபதேசியார் மகள் என்று சொல்லிக்கொண்டு வாழ்கிறாள் என்பதும், கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மாவுக்குத் தெரியாது.

“கார்ல இருந்து இறங்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவளுக்கும் தெரிஞ்சுது. தெரியாத மாதிரி நிண்ணா. மவன் பக்கத்துல நிக்கும்போது வாயால எப்பிடிச் சொல்லுதது? அதான் கையால சொன்னேன்” என்றாள் அம்மா. வாளியைக் கீழே வைத்துவிட்டு, “நான் மறக்கலைன்னு தெரிஞ்சா உன்னைய மவளா வச்சிப் பாத்துக்கிடுவான்னு நினைச்சேன். அவ பயந்துட்டா மக்கா” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இப்போதே அப்பாவிடம் சொல்கிறேன், அந்த உபதேசியார் மகளின் யோக்கியதையை அவள் மகனுக்கே எழுதுகிறேன் என்று எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் அந்த வீட்டில் அவள் கதி என்ன ஆகும் என்று கேட்டாள். அப்போ என் கதி என்று நான் கேட்டேன். அம்மா கையை விடவில்லை.

அடுத்த மாதம் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனை. ஓய்வுநாளை மீறியவள் இந்த முறை பந்தியில் சேர வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சபை முழுவதும் வரிசையாக எழுந்து முன்னால் போனது, போகிறவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவள் யார் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அவளை மன்னித்திருப்பார், அவள் சொல்லவில்லை. போ, போ என்று என் முழங்கையைத் தள்ளினாள். நான் எழுந்திருக்கவில்லை.