முதல் கிண்ணம்

என் மனைவிக்கு ஞாபகசக்தி அதிகம். கல்யாணமான புதிதில் நான் அளந்துவிட்ட பொய்களைக்கூட வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். அதனால், மூளைக்கு வேலை வைக்கும் டிவி போட்டி ஒன்றுக்கு அவள் தேர்வானபோது எனக்கு ஆச்சரியமில்லை. என் அம்மாதான் முகத்தைச் சுளித்தாள்.

"பத்தாவதோட நின்னவளுக்கு இன்னாத்துக்கு டிவி?"

அந்த வாயாலேயே 'கெட்டிக்காரி' என்று கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இவளுடைய ஆசை. பரிசெல்லாம் அப்புறம்.

சென்னையில் படப்பிடிப்பு முடிந்து எங்கள் ஊர் பாகூருக்குப் பஸ் ஏறினோம். எப்படித் தோற்றாள் என்று யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஒளிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போக வேண்டும் என்று சாமியையும் விடவில்லை. மற்ற நாளெல்லாம் போகிற கரண்ட், அன்றைக்குப் பார்த்துப் போகவே இல்லை.

அம்மா, குருவிநத்தத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, பக்கத்து வீட்டுச் சித்தி, மூவரும் டிவி முன்னால். இவள் சமையலறை வாசலோடு நின்றுகொண்டாள். முதல் இரண்டு சுற்றிலும் ஜெயித்தாள். அம்மா முறுக்கு மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

அடுத்த சுற்றில் கிண்ணத்தால் பாசிமணிகளை அள்ளிக் குடுவையில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்தையும் சத்தமாக எண்ண வேண்டும். நடுவே தொகுப்பாளர் கேட்கும் கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறினால் அவுட்.

முதல் கிண்ணத்தைக் கொட்டினாள். "லாபம்" என்றாள். அவுட் மணி அடித்துவிட்டது.

நெல்லோ அரிசியோ அளக்கும்போது எங்கள் வீட்டில் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் அளப்போம். கிண்ணம் கைக்கு வந்ததும் பழக்கம் வாய்க்கு வந்துவிட்டது. தொகுப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார், அரங்கமும் சிரித்தது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது அவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. டிவியில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

இவள் நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் எங்கள் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சித்தி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"இன்னாத்துக்கு மணி அடிச்சான்?" என்றாள் அக்கா.

சித்தி உதட்டைப் பிதுக்கினாள். அம்மா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"சரியாத்தான அளந்த? அளக்கவே தெரியாதவன் உன்ன இன்னாடி கேள்வி கேக்கறது?"