பக்கத்து சீட்டில் இருந்தவள்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு பிரேக்கக்கா என்று பெயர். கார் ஓட்டப் பழக வரும் பெண்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் காலுக்கு முன்னால் வாய் முந்திவிடும்.

"ஸ்டியரிங்கை ஏன்டி இப்படிக் கழுத்தை நெரிக்கிற? அது என்ன உன் மாமியாரா?"

வெடவெடத்துக்கொண்டு வந்தவள் சிரித்துவிடுவாள். சிரித்ததும் கை தானாக இளகும்.

தீட்டு நின்று வருஷங்கள் ஆனபின் மறுபடி ரத்தம் பட்டபோது, நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்த சூடு என்று இருந்துவிட்டாள். எலக்ட்ரீசியனான புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். பார்க்க வந்த நாத்தனார் அடுப்படியில் தன் தம்பியான இவள் புருஷனிடம், "அந்த இடத்துல எப்படிடா வரும்? விசாரிச்சியா?" என்று கிசுகிசுத்தது இவள் காதில் விழுந்தது. "வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்று அவன் சொன்னதும் விழுந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

ஊசி மருந்தும் ஏறியது, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கடைசியில் உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கிற கதிர். கால்களைக் கட்டிப்போட்டு எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்தினார்கள். ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் வந்தது.

"அசையாதீங்கம்மா."

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு சிஸ்டர்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அடித்த கடைசி ஜோக் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சுவடே இல்லை என்றார் டாக்டர். பெரிய கண்டம் தாண்டியாச்சு என்று சொந்தபந்தமெல்லாம் வந்து போனது. அதோடு அவர்களுக்குக் கதை முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு வழவழப்பான ஒரு குழலைக் கையில் கொடுத்திருந்தாள். உள்ளே சதை இறுகி ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதைப் பயன்படுத்த வேண்டுமாம். இரண்டொரு தடவை முயன்று, உயிர் போய் உயிர் வந்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒருமுறை புருஷன் ஆசையாக நெருங்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை அவன் பார்த்துவிட்டான். "வேணாம் விடு" என்று எழுந்தவன், முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான். அந்த முதுகுவலி இன்னும் தீரவில்லை.

வேலைக்கு மட்டும் திரும்பினாள். ஆனால் குடல் அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. வருகிறது என்று தெரிவதற்குள் வந்துவிடும். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புவாள். பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, பெரிய கடை என்று கக்கூஸ் இருக்கிற ரோடாகப் பார்த்து வண்டியை விடச் சொல்வாள். "ஏன்க்கா, ஊர்ல வேற ரோடே இல்லையா?" என்று கேட்பார்கள். "இதுல ஓட்டிட்டா எதுலயும் ஓட்டலாம்" என்று சமாளிப்பாள்.

அன்றைக்குக் கணக்கு டீச்சர் ஒருத்தி ஓட்டினாள். மேம்பாலத்தின் நடுவில் முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அடைத்து நின்றன. வயிறு பிசைந்தது. பிரேக்கக்கா கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு பேச்சை நிறுத்தினாள். நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு ஒன்றும் அவள் கையில் இல்லை.

நாற்றம் காருக்குள் பரவியது. டீச்சர் கண்ணாடியை இறக்கினாள். தன் துப்பட்டாவை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் அவள் மடியில் போட்டாள்.

"அக்கா, உங்க வீடு எந்தப் பக்கம்?"

"பாலம் இறங்கி வலது."

"பேசிக்கிட்டே வாங்கக்கா. எனக்குத் தனியா வராது."

"கிளட்ச்சை… மெதுவா விடு. அவசரப்படாத." சொல்லிக்கொண்டே அழுதாள். டீச்சர் ஓரிடத்திலும் வண்டியை அணைய விடாமல் வீடுவரை ஓட்டிவந்து சேர்த்தாள்.

குளித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சீட் உறையைக் கழற்றிப் போட்டுப் புருஷன் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் இனிமே போகலை" என்றாள்.

"கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்."

டிரைவிங் ஸ்கூல்காரர் நல்ல மனிதர். சொல்லிப் பார்த்தார், காத்திருந்தும் பார்த்தார், பிறகு வேறு ஆள் போட்டார். லைசென்ஸ் வாங்கிய அன்று டீச்சர் போன் செய்தாள். "எல்லாம் உங்களாலதான்க்கா. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகவா?" உடம்பு சரியில்லை என்று வைத்துவிட்டாள். மறுபடி மணியடித்தபோது எடுக்கவில்லை.

மறு பரிசோதனையில் டாக்டரிடம் சொன்னாள். "கதிர் பட்ட குடல்மா. மாத்திரை தர்றேன். குறையலாம், இப்படியேயும் இருக்கலாம். ஆனா நோய் திரும்பலை, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க." இன்னொன்றையும் கேட்க நினைத்தாள். புருஷன் பக்கத்திலேயே நின்றதால் நாக்கு எழவில்லை.

வெளியே வந்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "திரும்பலையாம். கேட்டேல்ல?"

"கேட்டேன்."

"எங்கயாவது போய்ட்டு வரலாமா? ரெண்டு பேரும் மட்டும், பஸ்ல?"

"பஸ் நடுவுல எங்கெங்க நிக்கும்?"

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். விசாரித்தானோ இல்லையோ, அவளும் கேட்கவில்லை, அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.