முதல் வளைவு வரைக்கும்

ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதிலும் பெரியவள், உடம்பிலும் பெரியவள். காலையில் போனால் சாயங்காலம் வரை இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீராவியில் முகம் வெந்து, பாதம் வீங்கி, வீட்டுக்குக் கிளம்பும்போது செருப்பு காலில் நுழையாது. ஒருநாள் லிஃப்ட் பழுதாகிவிட, துண்டு மூட்டையோடு மாடி ஏறியவள் பாதிப் படியில் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வேலை பார்க்கும் சித்தெறும்புதான் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆள் குட்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் திரிவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

"இப்படியே விட்டா ஒரு நாள் மூட்டையோட உங்களையும் சேர்த்துத் தூக்கணும்க்கா. அது என்னால ஆகாது," என்றவள், பெரியக்காவின் போனைப் பிடுங்கி ஓட்டம் பழகும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெரியக்கா பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பூங்காவுக்குப் போனாள். "இப்போது ஓடுங்கள்" என்றது போனுக்குள் ஒரு பெண்குரல். ஓடினாள். "இப்போது நடங்கள்" என்று அது சொல்வதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. பூங்காவைக் கூட்டுகிறவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "ஏம்மா, யாராவது துரத்துறாங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அவள் கணவர் ஒரு குடோனில் சூப்பர்வைசர். அவருக்கு இது நல்ல தீனியாகிப் போனது. "பீரோவுக்குக் கால் முளைச்சிருக்கு பார்த்தியா?" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பெரியக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் பூங்காவை நிற்காமல் சுற்றிவரப் பழகிவிட்டாள். வேர்த்து விறுவிறுத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, இத்தனை வருஷத்தில் தனக்கென்று செய்துகொண்டது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் குடோனுக்குப் புது மானேஜர் வந்தார். அவர் ஓட்டக்காரர். வாயைத் திறந்தால் ஓட்டம். ஒரு வாரம் கேட்டுப் பார்த்த கணவர், ஒரு விடியற்காலையில் பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வரேன். பெரிய வித்தையா என்ன?"

முதல் மரத்தைத் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதே. எல்லாரும் பார்க்கிறாங்க," என்றார்.

"போக மாட்டேங்க. மெதுவா மூச்சு விடுங்க."

அவருக்காகப் போனில் பயிற்சியை முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அவர் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். தன் கால் பரபரத்ததை அடக்கிக்கொண்டாள். அவருக்கு மூச்சு பிடிபட்டதும் ஆளே மாறிப்போனார். புது ஷூ வந்தது, கைக்கு ஒரு கடிகாரம் வந்தது. கூடவே புத்திமதியும் வந்தது. "குதிகாலை ஊனாதே, கையை ஆட்டாதே" என்று அவளுக்கே பாடம் எடுத்தார். போகட்டும், இப்படியாவது சேர்ந்து ஒன்று செய்கிறோமே என்று அவள் விட்டுவிட்டாள். சொல்லப்போனால் அதில் அவளுக்குச் சந்தோஷம்கூட.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் ஊரில் நடக்கும் ஓட்டத்துக்கு இரண்டு பேர் பெயரையும் அவரே கொடுத்தார். "கையைக் கோத்துக்கிட்டு ஒண்ணா முடிக்கிறோம்" என்று ஒரே மாதிரி இரண்டு சிவப்புச் சட்டைகளும் வாங்கிவந்தார். முந்தின நாள் அவள் அந்த இரண்டையும் இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஓட்டத்தன்று குளிர் நடுக்கியது. தொடங்கும் இடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. கூட்டத்துக்குள்ளிருந்து மானேஜர் கையை ஆட்டினார். "வாங்க, வாங்க! என்கூட ஓடுங்க!"

கணவர் அவளைப் பார்த்தார். "மரியாதைக்குப் போயிட்டு வந்துடறேன். முதல் வளைவு வரைக்கும்தான். அங்கே நிக்கிறேன், நீ வா."

தலையாட்டினாள். முதல் வளைவில் அவர் இல்லை. கூட்டத்தில் தெரியவில்லையோ என்று ஒதுங்கி நின்று பார்த்தாள். அடுத்த வளைவில் நிற்பார் என்று ஓடினாள். அங்கேயும் இல்லை. வேகமாக ஓடிப் பழக்கமில்லாத மனுஷன். மானேஜருக்கு ஈடுகொடுக்கப் போய் எங்காவது விழுந்து கிடந்தால்?

பாலத்துக்குப் பக்கத்தில் முதலுதவிக் கூடாரம் இருந்தது. பாதையை விட்டு இறங்கி உள்ளே போனாள். கணுக்கால் சுளுக்கிய ஒரு பெண்ணைத் தவிர வேறு யாரும் இல்லை.

"சிவப்புச் சட்டை, முன்வழுக்கை... அப்படி யாரையாவது கொண்டுவந்தாங்களா?"

"இல்லையேம்மா. முன்னாடி போயிருப்பாரு. நீங்க ஓடுங்க."

ஓடினாள். இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே ஓடினாள். எத்தனையோ பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டார்கள்.

அவர் பழச்சாறு குடித்துக்கொண்டு மானேஜரோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் அவளைப் பார்த்ததும். பிறகு மானேஜர் பக்கம் திரும்பி, "நான்தான் சார் இவளை ஓடப் பழக்கினேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் இவளுக்கு," என்றார்.

"குடுத்து வெச்சவங்கம்மா நீங்க," என்றார் மானேஜர்.

அந்நிய மனுஷர் முன்னால் என்ன சொல்வது? சிரித்து வைத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள். "வளைவுல நிக்கிறேன்னு சொன்னீங்களே."

"நின்னிருந்தா டைம் போயிருக்கும்."

"நீங்க விழுந்துட்டீங்களோன்னு முதலுதவிக் கூடாரத்துல போய்ப் பார்த்தேங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் ஏன் விழறேன்?"

அவ்வளவுதான். பஸ்ஸில் யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கே அவர் அதை மகளிடம் கதையாகச் சொன்னார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அது நீண்டது. ஒவ்வொரு கட்டிலாக இவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள் என்பது வரை போய்விட்டது.

அடுத்த வாரம் அவர் எழுப்பியபோது அவள் புரண்டு படுத்துக்கொண்டாள். கால் வலி என்றாள். தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருநாள் கிளம்பியும் பார்த்தாள். பூங்காவில் அவரும் அவர் சேர்த்துக்கொண்ட நாலு பேரும் வட்டமாக நின்று காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலோடு திரும்பிவிட்டாள். படி ஏறும்போது மறுபடி மூச்சு வாங்கத் தொடங்கியது.

"என்னக்கா, விட்டுட்டீங்களே!" என்று சித்தெறும்பு புலம்பினாள். "அவளுக்கு விடாமுயற்சி போதாது," என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவருஷமும் ஓட்டம் வந்தது.

"உன் பேரையும் குடுக்கட்டுமா?"

"வேண்டாங்க. எனக்கு அன்னிக்கு வேலை."

"போன வருஷத்தை நெனச்சுப் பயந்துட்டியா?"

"ஆமாங்க," என்றாள்.

விடுமுறைக்கு ஹோட்டல் நிரம்பி வழிந்தது. விரிப்புகள் மலைபோல் வந்து குவிந்தன. மத்தியானம் அவர் போன் செய்தார். குரலில் மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"கேட்டியா? போன தடவையைவிட நல்ல டைம்!"

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.