இரண்டு சீட்டிலும் ஒரே காலேஜ்

சபைக்கு முன்னால் நான் இதுவரை வாய் திறந்ததில்லை. பாட்டுக்குக்கூட உதட்டைத்தான் அசைப்பேன். அதனால் எழுதி வைத்து வாசிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா ஞானம்மா மூன்று வருஷம் ஜெபம் பண்ணாமல் இருந்தாள். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவளை அப்படி ஆக்கியது நான். அதிலிருந்து ஆண்டவர் அவளை மீட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் பள்ளிக்கூடப் பரீட்சை பாஸ் செய்தேன். படிப்பு சுமார்தான். ஆனால் பரேட் மைதானத்தில் ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரர்களுக்கு எதிரே வெறுங்காலோடு ஓடி கோல் போட்டிருக்கிறேன். அந்தக் கோடையில் இரண்டு காலேஜ்கள் என்னைக் கேட்டன.

மெட்ராஸிலிருந்து ஒரு காலேஜின் விளையாட்டுச் செக்ரட்டரி ரயிலேறி வந்தார். ரூம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம் என்றார். "மார்க்கு கொஞ்சம் குறைச்சல் சார்" என்று அப்பா தயங்கினார். "தலைக்கா வந்தேன்? அவன் காலுக்கு வந்தேன்!" என்று அவர் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

இன்னொன்று இங்கேயே, சிட்டி பக்கம். அங்கேயும் இலவசம்தான், ஆனால் பேர் இல்லாத டீம். அதன் கணக்கு வாத்தியார் கன்னடக்காரர். அல்சூரில் எங்கள் வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்தார். "பேடப்பா, மெட்ராஸ் பேடா, வேண்டாம். ஆட்டம் இன்னிக்கி இருக்கும், நாளைக்கிப் போகும். இங்கே இரு, உன்னை நான் பாஸ் பண்ண வெக்கிறேன்" என்றார். அப்பாவுக்கு அவர் பேச்சு பிடித்தது. எனக்கு மெட்ராஸ்தான் வேண்டும். ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இப்படி ஒரு காரியம் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு சீட்டு எழுதி, மடித்து, வேதபுத்தகத்துக்குள் வைத்து, முழங்கால் போட்டு ஜெபித்து ஒன்றை எடுப்போம். வந்தது ஆண்டவருடைய சித்தம். மற்றதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அடுப்பில் போட்டுவிட வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா என்னையே எழுதச் சொன்னார்.

இரண்டிலும் மெட்ராஸ் காலேஜின் பேரை எழுதினேன்.

அம்மா அழுது ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தாள். வாசித்ததும் அவள் முகம் எப்படி மாறியது என்று என்னால் எழுத முடியவில்லை. "என்கிட்டயே பேசிட்டாரு பாத்தியா!" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கத்தில் எழுந்து சாட்சி சொன்னாள். என் மகனுக்குக் கர்த்தரே காலேஜ் காட்டினார் என்றாள். நான் வெளியே மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸில் முதல் வருஷம் என்னைத் தோளில் தூக்கினார்கள். இரண்டாம் வருஷம் மழை ஈரத்தில் ஒரு மேட்ச். எதிராளியின் மட்டை முழங்காலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். செக்ரட்டரி ஒரு தடவை வந்தார், அதுவும் டாக்டரைப் பார்க்க. நான் திரும்பிப் போனபோது ஹாஸ்டல் சூப்பரிண்டெண்டு சொன்னார்: "டீமுக்கு வர்ற பையனுக்கு அந்த ரூம் வேணும்பா. நல்லா யோசிச்சு முடிவு சொல்லு. சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்கு."

நொண்டிக்கொண்டு இங்கேயே வந்து இறங்கினேன். பரீட்சையும் எழுதவில்லை. பட்டாளத் துணிக் கிடங்கில் மூட்டைகளுக்கு நம்பர் போடும் வேலைதான் கிடைத்தது. இன்றைக்கும் அதே வேலை.

என் காலை விட அம்மாவின் காரியம்தான் மோசமாகப் போனது. ஆராதனை முடிந்து படியிறங்கும்போது மாதர் சங்கத்து எஸ்தரக்கா எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்கள்: "என்ன ஞானம்மா, கர்த்தர் அனுப்புன பிள்ளைய கர்த்தரே ரிட்டர்ன் பண்ணிட்டாரா?" பெண்கள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். அன்று முதல் வீட்டு ஜெபத்துக்கு அப்பா புத்தகத்தை எடுத்தால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஒருநாள் அப்பா கூப்பிட்டதற்கு, "என் கையாலதான எடுத்தேன்? என்கிட்ட பொய் சொன்னவர்கிட்ட நான் என்ன பேசறது?" என்றாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. மூன்று வருஷம் சொல்லவில்லை.

இருபத்தேழாம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வரவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மையாய் ஜெபித்தேன். "ஆண்டவரே, கால் வேண்டாம். என் வாயைத் திறந்துவிடும்." வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா நூல்கோல் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அம்மா அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"ரெண்டுலயுமா?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு என்னை ஏமாத்தல?"

"இல்லம்மா. நான்தான்."

"நீதானா," என்றாள். பெருமூச்சு விட்டாள். அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு சமாதானத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை ஏமாற்றினான் என்று கேட்டதில் அவளுக்கு அவ்வளவு ஆறுதல். அதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அங்கேயே முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, உம்மைப் பத்தி மூணு வருஷமாத் தப்பா நெனச்சிட்டேன், மன்னியும். இந்தக் கழுதைய என்ன பண்றதுன்னு நீரே பாத்துக்கும்." பிறகு எழுந்து நூல்கோலை நறுக்கினாள். பெந்தெகொஸ்தே வரைக்கும், ஏழு வாரம், என்னோடு பேசவில்லை.

சபையில் சொல்லிவிடட்டுமா என்று பிறகு கேட்டேன். "வாயை மூடு. உனக்குப் பொண்ணு யார் குடுப்பா?" என்றாள். அந்தக் கேலியைச் சாகிறவரை அவளே சுமந்தாள்.

போன மாதம் அவளை அடக்கம் பண்ணினோம். அன்றைக்குக்கூடக் கல்லறை வாசலில் யாரோ, "காலேஜ் சாட்சி ஞானம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா ஆண்டவர் சொன்னதைத் தப்பாகக் கேட்கவில்லை. அவர் பேச நான் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நேர்மையாக எழுதியிருந்தால் எந்தச் சீட்டு வந்திருக்கும் என்று எத்தனையோ தடவை அவரைக் கேட்டுவிட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. கசப்பும் போகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கேட்டதை அன்றைக்கே கொடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் மறைத்துக் கேட்டதில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று வேண்டுமானால் அவர் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம், நம்புங்கள்.

எஸ்தரக்கா, நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இனிமேல் சிரிப்பதாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.