தணிகைவேல் பிடித்த வேளா

தணிகைவேல் அண்ணன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் முப்பது வருஷம் வலை இழுத்தவர். நான் செங்கல்பட்டில் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள். எங்களைப் பழக வைத்தது ஒரு மூக்கு.

வேளா மீனின் மூக்கு. நாலடி நீளம், இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரிப் பல். வலையில் வேளா விழுந்தால் அந்தக் கொம்பை அம்மன் கோயிலுக்குக் கொடுப்பது குப்பத்து வழக்கம். மஞ்சள் பூசி, திருவிழாவுக்குத் திருவிழா பெயின்ட்டும் அடித்துவிடுவார்கள். மரபணு சோதனைக்காகச் சுரண்டப் போன எனக்குக் கிடைத்ததெல்லாம் பச்சை பெயின்ட்தான்! இப்போது இங்கே வேளா யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு காலத்தில் அது இந்தக் கரையில் குட்டி போட்டதா, சும்மா வந்து போனதா? அது தெரிந்தால்தான் பாலாற்று முகத்துவாரத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் மனு எழுத முடியும். மிச்சமிருந்த ஆதாரம் தணிகைவேல் அண்ணனின் வாய்தான்.

அந்த வாய்க்குப் பழைய கதை என்றால் களைப்பே கிடையாது.

"கோயில்ல கீதே கொம்பு, அது நான் புடிச்சதுதான் டீச்சர். அப்பல்லாம் ஆத்துல வெள்ளம் வந்துச்சின்னா முகத்துவாரத்துக்கு வேளா வந்துடும். தண்ணி செம்மண் கரைச்சாப்பல இருக்கும்."

சொல்லும்போது அவருக்கு முப்பது வயது குறைந்துவிடும். வேளாவைப் படத்தில் மட்டுமே பார்த்த எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆனால், "வயிற்றில் குட்டி இருந்ததா?" என்று கேட்டால் மட்டும் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார். மூன்று தடவை போனார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நாலாவது தடவை அவர் மகள் சுவேதா வீட்டில் இருந்தாள். சிறுசேரியில் வேலை, அன்று லீவு. அண்ணன் அவளைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏழு குட்டி டீச்சர். வயித்தக் கீறினப்ப எல்லாம் துடிச்சிகினு இருந்துச்சி. தண்ணில வுட்டிருந்தா நீந்திப் போயிருக்கும்."

"ஏன் விடவில்லை?"

"இவ பொறந்து ஆறு நாளு. இவ அம்மா தனக்கோடிக்குப் பாலே இல்ல. கொழந்த கத்திகினே கெடக்குது. பெத்தவளுக்கு சொறாப் புட்டு குடுத்தா பால் ஊறும்பாங்க. வேளாவும் சொறா மாதிரிதானேன்னு ஏழையும் புட்டு செஞ்சி குடுத்தோம். ஊறிச்சி."

நான் எழுதிக்கொண்டேன்: ஏழு குட்டிகள், உயிருடன். இத்தனை நாள் தேடிய ஆதாரம். சந்தோஷம்தான் வரவில்லை.

"எம்பேரையும் எழுதிக்கோ டீச்சர்," என்றார் அண்ணன். "கொன்னவன்னு."

சுவேதா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் பேரையும் எழுதுங்க மேடம். அந்தப் பாலைக் குடிச்சது நான்தான்."